சாட்சி சொன்ன பிறகு திரும்பி வந்த தோள்வலி

நாலு வருஷமாக இதை எழுதத் தயங்கினேன். எழுதினால், என் மனைவி சபையில் சொன்ன சாட்சியை மறுபடி பொய் என்பார்களோ என்ற பயம்தான்.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சீட்டைத் தூக்கி மாட்டும் லைனில் எனக்கு வேலை. வலது தோளில் அப்படியொரு வலி, சட்டை மாட்டக்கூட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணூர் சபையில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஆண்டவர் அறிய, வலி அடங்கிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி எழுந்து, "அவருக்குச் சுத்தமா சொகமாயிடுச்சு!" என்று சாட்சி சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை ஷிப்டிலேயே வலி திரும்பியது. யாரிடம் சொல்வது? வேறு லைன் கேட்டால் சபைக்குத் தெரிந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் சபைக்காரர்கள் நாலு பேர். அவள் சாட்சிக்காக மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சீட் தூக்கினேன்.

"இன்னா பிரதர், தோளு ஜம்முனு கீதா?" என்பார் ஒருவர், அதே தோளில் தட்டி.

"ஸ்தோத்திரம் பிரதர்" என்பேன். உயிர் போகும்.

கடைசியில் கையே எழும்பவில்லை. தண்டலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கூட வந்திருந்த மனைவி கொதித்துவிட்டாள். "இத்தினி நாளும் வலிச்சுதா? என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!"

"சண்டை வேணாம்மா," என்றார் டாக்டர். "மூளைத்தண்டுல சின்னதா ஒரு இடம் இருக்கு. நம்பிக்கை வந்தா, மனசு அடங்கினா, அது வலியைக் குறைக்கும். பயத்துல கூட்டியும் விடும். அன்னிக்கு வலி போனது நிஜம். ஆனா தோள்ல தசைநார் கிழிஞ்சிருக்கு, அது ஆறலை. வேலையை மாத்தியே ஆகணும்."

"அப்போ நான் சொன்னது பொய் இல்லியா டாக்டர்?"

"பாதி சொல்லியிருக்கீங்க. மீதியையும் சொல்லிடுங்க."

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து மீதியையும் சொன்னாள். என்ன பிரயோஜனம்? வாசலைத் தாண்டுவதற்குள், "அவருக்கு மூளையில கோளாறாம்" என்றார்கள். இன்னொரு பக்கம், "விசுவாசம் பத்தல." பஸ்ஸில், "வலியே இல்லையாம், எல்லாம் டிராமா." தலையில் அடித்துக்கொண்டேன், இடது கையால். ஆனால் இனி மறைக்க ஒன்றும் இல்லையே! திங்கட்கிழமையே வேறு லைன் கேட்டு வாங்கினேன்.

இதை யாருக்காவது சொன்னால் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். ஜெபத்தில் வலி அடங்கியதையும் சொல்லுங்கள், தசைநார் கிழிந்திருந்ததையும் சொல்லுங்கள். அதைத் திருத்த அவள் மறுபடி எழுந்து நிற்க வேண்டாம்.