மூன்றாவது வளைவு

பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் 'எட்டக்கா' என்றே கூப்பிடுவார்கள். பழைய கிடங்கின் முற்றத்தில் எட்டுப் போட வைத்தே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தவள். பயம் மருந்துக்கும் கிடையாது. வண்டிகளைப் பழுதுபார்ப்பது அவள் தம்பி.

மழை விட்ட ஒரு காலையில் ஓட்டப் பழக வந்த தையற்காரர் ஒருவர் மூன்றாவது வளைவில், சுவரோரமாக, வண்டியோடு சாய்ந்து விழுந்தார்.

"திரும்பறப்போ முன் பிரேக்கைப் பிடிச்சா வண்டி படுத்துடும்னு தலையால அடிச்சுக்கிட்டேனேண்ணே!"

"நான் என்னம்மா பண்ணுவேன்? பச்சை மழைக்கோட்டு போட்ட அந்தம்மா திடீர்னு குறுக்க வந்துட்டாங்களே!"

முற்றத்தில் ஈ காக்கை இல்லை.

மறுநாள் ஒரு நர்ஸ் அங்கேயே விழுந்தாள். பிறகு ஒரு வாத்தியார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பேசி வைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: பச்சைக் கோட்டு, சொட்டச் சொட்ட நனைந்த முகம், நிறுத்தச் சொல்லி நீட்டிய கை.

"இடத்தை மாத்திடலாம்க்கா," என்றான் தம்பி.

"நாம போயிட்டா அவ மட்டும் இங்கயே நிக்கட்டுமா?"

அன்று மத்தியானமே எட்டக்கா வண்டியை எடுத்தாள். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் பாதம் பட்டும் படாமலும். பார்வை போகும் பக்கம்தான் வண்டியும் போகும் என்பதால் சுவர்ப்பக்கம் திரும்பவேயில்லை. கண் வாசலிலேயே இருந்தது.

மூன்றாவது வளைவில் பிடரி சில்லிட்டது. வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. சீட்டின் ஸ்பிரிங் முனகியது. விரல்கள் தாமாக முன் பிரேக்கைத் தேடின. பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டாள்.

"கெட்டியா உக்காருங்க," என்றாள். அந்தக் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

அவள் சாய்ந்த பக்கமெல்லாம் பின்னாலிருந்த பாரமும் சாய்ந்தது. பழகிய ஆள்! வாசலைத் தாண்டி, குறுகிய சந்துகளில் வளைந்து, பெரிய சாலை பிரியும் இடத்துக்கு வந்தபோது தோளில் ஈரமாக இரண்டு தட்டு. வண்டியை நேராக்கி நிறுத்தினாள். பாரம் இறங்கியது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

முற்றத்துக்குத் திரும்பியதும் தம்பி பின் சீட்டையே வெறித்தான். தண்ணீர் தேங்கியிருந்தது. பின்னால் கால் வைக்கும் கம்பிகள் இரண்டும் விரிந்திருந்தன.

"மடக்கித்தானேக்கா குடுத்தேன்..."

"தெரியும்டா. ஒரு துணி கொண்டா."

அதன்பிறகு அந்த வளைவில் யாரும் விழவில்லை. அவள் யாரென்று எட்டக்கா விசாரிக்கவும் இல்லை. பெரிய சாலைப் பிரிவைக் கடக்கும்போது மட்டும், பின்னால் யாரை ஏற்றியிருந்தாலும், வாய்க்குள் ஒருமுறை கேட்டுக்கொள்வாள்: "போய்ச் சேந்துட்டீங்களா?"