நான் பார்க்காத முகம்

இறந்து பிறக்கும் குழந்தையைத் துணியில் சுற்றுவதற்கு எங்கள் ஆஸ்பத்திரிப் பிரசவ வாட்டில் ஒரு முறை இருக்கிறது. காலில் தொடங்க வேண்டும். பாதம், முழங்கால், வயிறு என்று மேலே வந்து, கடைசியில் துணியின் நுனியை முகத்தின்மேல் போட்டுவிட வேண்டும். போடும்போது கண் வேறெங்காவது இருக்க வேண்டும். எந்தப் பாடநூலிலும் இது இல்லை. ஆனால் தாதியர் எல்லோருக்கும் தெரியும். "முகத்தைப் பாத்தீரெண்டா அது உம்மோட வீட்டை வரும்" என்று வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

அது நான் பிரசவ விடுமுறை முடிந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். ஆறு மாதப் பிள்ளையைப் பாலையூற்றில் மாமியிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருவேன். வாட்டில் எந்தக் குழந்தை அழுதாலும் பால் சுரந்து என் சட்டை நனைந்துவிடும். வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் பிள்ளைக்கு என்னவோ என்றுதான் எடுப்பேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த முறை வசதியாக இருந்தது. இதை எழுதும்போது முதல் கோபம் என்மேல்தான் வருகிறது.

ஒருநாள் காலை சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். முதல் பிள்ளை, பெண். உயிர் இல்லை. சுற்றும் வேலை எனக்கு வந்தது. பழகியபடியே செய்தேன். பிறகு, பிள்ளையை வீட்டாரிடம் ஒப்படைக்கும் படிவத்தை நிரப்பிக் கணவரிடம் நீட்டினேன். எங்கே கையெழுத்துப் போடுவதென்று தெரியாமல் அவர் தடுமாறினார். நான்தான் விரலால் தொட்டுக் காட்டினேன். பெற்றவளிடம் எதையும் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மிஸ், என்ர பிள்ளையை ஒருக்காக் காட்டுங்கோ."

பக்கத்தில் நின்ற அவளுடைய தாய் குறுக்கிட்டார். "பாத்தா மனசில நிண்டிடும். வேண்டாமெண்டு சொல்லுங்கோ மிஸ். நானே பாக்கேல்லை."

"நீங்கள் பாக்காட்டி இருங்கோ அம்மா. நான் பெத்தனான்."

துணியில் சுற்றிய பிள்ளை வாட்டின் பின்னறையில் இருந்தது. இருபது அடி தூரம் இருக்குமோ? போய்த் தூக்கி வந்திருக்கலாம். நான் சொன்னது, "இருங்கோ தங்கச்சி, சிஸ்டரிட்டக் கேட்டிட்டு வாறன்." கேட்காமல் எதையும் செய்து பழகியவள் அல்ல நான்.

சிஸ்டர் டொக்டரோடு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார். இடையில் பேசுவது மரியாதையில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றேன். டொக்டர் போன பிறகே கேட்டேன்.

"பாத்திட்டுக் குளறினா ஆர் அடக்கிறது? நீரோ? சுத்திவரப் பிள்ளை பெத்ததுகள் படுத்திருக்குதுகள்." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சற்று இறங்கி வந்தார். "சரி, திரையை இழுத்துப்போட்டு ஒரு நிமிசம் காட்டும்."

ஓடினேன். பின்னறை மேசை வெறுமையாக இருந்தது. துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுக்காரர் அப்பவே ஓட்டோவில கொண்டு போயிட்டினம் மிஸ். கையெழுத்துப் போட்ட போம் எல்லாம் சரியாத்தானே இருந்தது."

சரியாகத்தான் இருந்தது. நான் நிரப்பியதல்லவா?

திரும்பிப் போய் அவளிடம், "நீங்கள் இளம் ஆள்தானே, இன்னொரு பிள்ளை கிடைக்கும்" என்றேன். அவள் மற்றப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கக் கட்டிலில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் குறிப்பேட்டில் "தாய்க்கு ஆறுதல் கூறப்பட்டது" என்று எழுதி, நேரத்தையும் போட்டேன்.

அதே வாரம் நகரத்தில் தாதியருக்கு ஒருநாள் உளநலப் பயிற்சி நடந்தது. நான்கு எண்ணி மூச்சை இழுக்க வேண்டுமாம், எட்டு எண்ணி விட வேண்டுமாம். நோயாளியின் துக்கத்தைச் செருப்பைப் போல வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போக வேண்டுமாம். பக்கத்தில் இருந்த தோழி குசுகுசுத்தாள். "எட்டு எண்ணி விட்டா வாட்டில ரெண்டு கட்டில் கூடுமோ எண்டு கேளடி." சிரித்துவிட்டேன். உடனே, சிரித்திருக்கக் கூடாதோ என்று உறுத்தியது. ஆனால் அவள் கேட்டதில் என்ன பிழை? மூச்சு விட எங்களுக்குத் தெரியும். பிள்ளையை இழந்தவளைப் படுக்க வைக்கத் தனியாக ஒரு மூலைதான் இல்லை. அதைப் பற்றி அன்று முழுவதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் கை உயர்த்தவில்லை.

எட்டாம் நாள் தையல் வெட்ட அவள் வந்தாள். தட்டோடு போனது நான்.

"நீங்கள்தானே மிஸ் என்ர பிள்ளையைச் சுத்தினது?"

"ஓம்."

"எப்பிடி இருந்தவள்?"

சொன்னேன். மெல்லிய நீளமான கால். நகம் வளர்ந்திருந்தது. பெருவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான். "என்ர கால்" என்றாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது. "முகம்? முகம் ஆரைப்போல?"

உங்களைப் போலத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அது பாவமா, உதவியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"நான் பாக்கேல்லைத் தங்கச்சி."

"கையில வச்சுக்கொண்டுமோ?"

"எங்கட பழக்கம் அப்பிடி. பாத்தா எங்களுக்குத் தாங்க ஏலாது."

"உங்களுக்கு ஏலாதோ!" அவள் குரல் உயர்ந்தது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "அம்மா பாக்கேல்லை. என்ர மனுசன் துணியைத் திறக்காமலே குழியில தாட்டவராம். நீங்களும் பாக்கேல்லை. அப்ப என்ர பிள்ளையை ஆர்தான் மிஸ் பாத்தது?"

அவள் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"தையல் வெட்ட மற்ற மிஸ்ஸை வரச் சொல்லுங்கோ."

தட்டை வைத்துவிட்டு, மற்றவளைக் கூப்பிடப் போனேன்.