போகித் தீயில் ஒரு மூக்குக்கட்டை

போகிக்குத் தீ மூட்டும் பழக்கம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கிடையாது. தொண்ணூறுகளில் கணவரின் வேலைக்காகப் புதுப்பட்டினம் வந்த முதல் வருடம், தெருப் பிள்ளைகளைப் பார்த்து என் மகளும் அடம் பிடித்தாள். காஸ் அடுப்பு வீட்டில் விறகுக்கு எங்கே போவது? முந்தைய நாள் மாலை கடற்கரையில் மரங்கள் தனித்தனியாகக் கிடந்தன. அலை ஒதுக்கியவை என்று நினைத்து, நுனி வளைந்த சின்னத் துண்டு ஒன்றைத் தூக்கி வந்துவிட்டேன்.

விடியற்காலையில் தீ நன்றாகப் பிடித்த நேரம், லுங்கி கட்டிய ஒருவர் வந்து நின்றார்.

“யம்மா, புதுசா கட்டுமரம் செஞ்சிகினு கீறேன். மரத்த எல்லாம் சேத்துக் கட்டறதுதான் பாக்கி. முன்னால வெக்கிற மூக்குக்கட்டையக் காணோம். நானே செதுக்குனது. பாத்தியாம்மா?”

தீயை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றேன். “இல்லையே, பாக்கலையே” என்றேன்.

அதற்குள் அவர் பார்வை தீயில் நின்றுவிட்டது. வளைந்த நுனி மட்டும் எரியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். மேளம் தட்டிக் குதித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதைத் தீக்குள் தள்ளிவிட்டார்.

“நல்லா எரியட்டும் பாப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. போகி வந்தால், “அன்னைக்கு ஒரு அங்கிள் வந்து நம்ம தீயை நல்லா எரிய வெச்சாரேம்மா” என்று ஃபோனில் சிரிப்பாள். அவர் எதைத் தள்ளினார் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.