இன்னும் ஒரு சுற்று

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். அதற்கு முந்தின நாள் நானே காருக்கு மினியாக் ஈத்தாம், அதுதான் என்ஜின் எண்ணெய், மாற்றினேன். பழைய எண்ணெயை வடித்துவிட்டு அடித்திருகை மாட்டும்போது, வழியில் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். ஏதோ வழுக்கியது. பிடித்துவிட்டது என்று நம்பினேன்.

மறுநாள் ஈப்போவிலிருந்து பீடோர் கோயிலுக்குப் போகையில், தாப்பா தாண்டியதும் காரின் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. பட்டு வேட்டியோடு காருக்கடியில் படுத்தேன். எண்ணெய் ஒழுகியது. மரை தேய்ந்த திருகு இறுக்க இறுக்கச் சும்மா சுழன்றது.

"முகூர்த்தம் தப்பிரும்டா!" தாலித் தட்டோடு அக்கா அழுதேவிட்டாள்.

ரோட்டோர ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கப் பால்மரப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். மரத்து வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நாடாபோல உரித்துத் தந்தார். அதை மரையில் சுற்றித் திருகினேன். பிடித்தது. என் கை நிற்கவில்லை.

"போதும் தம்பி! இன்னும் இறுக்குனா பிதுங்கி வெளிய வந்திரும்லா."

கையிருப்பு டின் எண்ணெயை ஊற்றிக் கிளம்பினோம். எண்ணெய் ரப்பரைக் கரைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். பீடோர் வரை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

மணவறையில் தாலியின் முதல் முடிச்சைப் போட்டேன். அவிழ்ந்துவிடுமோ என்று விரல்கள் மறுபடி இழுக்கப் போயின. அந்தப் பெண்ணின் "போதும் தம்பி" நினைவுக்கு வந்தது. பயந்தவன் கைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. கையை எடுத்துவிட்டேன். மஞ்சள் கயிற்றில் என் கறுப்பு விரல் தடம் மட்டும் நின்றது.