ரோமைப் பார்க்காமல் இத்தாலி போனவன்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன பிறகு வந்த முதல் தை மாதம் அது. நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பு நுனியால் கண்டம் கண்டமாகப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டுவேன். நான் நேரில் பார்த்ததில் மிகவும் தூரமான ஊர் எதுவென்று கேட்டால், தஞ்சாவூர்.

என்னோடு படித்தவன் ஒருவன் இருந்தான். படிப்பு ஏறவில்லை. நான் பிரவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறிய வருடம், அவன் புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்தத் தை மாதம் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஊருக்கு வந்தான். சின்ன வயதில் வாடா போடா என்றவன், இப்போது நான் வாத்தியார் என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்லும் 'முசே' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிட்டான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு வாரம் நிலைக்கவில்லை. கடைத்தெரு டீக்கடையில் அவனைச் சுற்றி எப்போதும் கூட்டம். முந்தைய வருடம் அவனுடைய கப்பல் இத்தாலியின் தென்பகுதியில் ஒரு துறைமுகத்தில் பழுதாகி நின்றுவிட்டதாம். இத்தாலி படத்தில் பூட்ஸ் மாதிரி இருக்குமே, அதன் குதிகால் பக்கம். பழுது பார்க்க இரண்டு மாதம். இவன் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறான். ஒரு மலை மேல் ஊர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக நிற்குமாம். இன்னோர் ஊரில் வீட்டுக் கூரையெல்லாம் வைக்கோல் போர் மாதிரி கூம்பாக, வெறும் கல்லை அடுக்கிக் கட்டியதாம். அந்தக் காலத்தில் வரி கேட்டு அதிகாரி வந்தால் கூரையைப் பிரித்துப் போட்டுவிடுவார்களாம், கூரையில்லாத வீட்டுக்கு வரி கிடையாதாம். காய்ந்த மொச்சையை வேகவைத்துக் கடைந்து, கசப்புக் கீரையோடு, நம்மூரில் சோறு போடுகிற மாதிரி அந்த ஊர்க்காரர்கள் இவனுக்குப் போட்டார்களாம்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். பூகோளம் படித்தவன் நான், இத்தாலியைப் பார்த்தது அவன். என் வகுப்புப் பிள்ளைகளே எழுந்து, கல்லுக்கூரை வீட்டைப் பற்றிப் பாடத்தில் ஏன் இல்லை என்று கேட்டார்கள். என் மனைவி வேறு, அவரை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள், கதை கேட்கலாம் என்றாள்.

ஒருநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன், ரோமைப் பார்த்தாயா, எரிமலையைப் பார்த்தாயா என்று. இரண்டுமில்லை என்று சிரித்தான். தான் போனதெல்லாம் யாரும் கேள்விப்படாத சின்ன ஊர்கள் என்றான். வீட்டுக்கு வந்து அட்லஸில் அவன் சொன்ன பெயர்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கிராமமான வரிச்சிக்குடியிலிருந்து ஒரு விவசாயி பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். தன் பெண்ணை அவனுக்குக் கொடுப்பதாக இருக்கிறதாம். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி வெளியாரிடம் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாத்தியார் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பையன் எப்படி என்று கேட்டார்.

"நல்லவன்தாங்க. ஆனா இத்தாலியில ரெண்டு மாசம் இருந்தேங்கறான், ரோமே பாக்கலையாம். சொல்ற ஊரு எதுவும் மேப்புல இல்ல. அந்த ரெண்டு மாசம் எங்க இருந்தானோ, நமக்கென்ன தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். சொன்ன கையோடு எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த வாரம் சம்பந்தம் நின்றுபோனது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. கையில் கப்பல்காரர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். துறைமுக முத்திரை, வந்த தேதி, கிளம்பிய தேதி எல்லாம் பிரெஞ்சில் தெளிவாக இருந்தது. சரியாக இரண்டு மாதம். அதற்குள் ஒரு போட்டோ. கூம்புக் கூரை வீட்டு வாசலில், ஒரு கிழவனுக்கும் கிழவிக்கும் நடுவில் இவன்.

"ஜாதகம்லாம் சும்மா சாக்கு. நான் எங்கேயோ ஜெயில்ல இருந்தேன்னு அவங்களுக்குச் சந்தேகமாம், முசே. எங்க முசேயக் கேளுங்க, அவரு மறைக்காம சொல்லுவாருன்னு நான்தான் சொல்லி விட்டேன். உங்ககிட்ட வராம வேற யாரையோ கேட்டுட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

புத்தகத்தையும் போட்டோவையும் வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விடிந்ததும் சைக்கிளில் வரிச்சிக்குடிக்குப் போனேன். அவர் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். புத்தகத்தையும் போட்டோவையும் நீட்டி, அன்று நான் சொன்னது பொறாமையில் சொன்னது, பையன் தங்கம் என்றேன். அவர் போட்டோவை வெகு நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்துதாங்க போலகம் ஊர்ப் பையனுக்கு வெத்தலை பாக்கு மாத்தினோம். பொண்ணுக்கு இவரைத்தான் புடிச்சிருந்துச்சு."

திரும்பி வந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். புத்தகத்தையும் போட்டோவையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "என்னைய நம்பலன்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே, முசே. அன்னிக்கே காட்டியிருப்பேனே" என்றான். அடுத்த மாதம் கப்பலேறிவிட்டான். பிறகு அவனை நான் பார்க்கவேயில்லை.

இன்றும் யாராவது என்னிடம் ஒருவரைப் பற்றி விசாரிக்க வந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்மேல் எனக்கு என்ன வயிற்றெரிச்சல் இருக்கிறது என்று முதலில் என்னையே விசாரித்துக்கொள்கிறேன்.