படித்தோம், மிகவும் பயனுள்ளது

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கோவைத் தலைமையகத்தில், கம்ப்யூட்டர் அறையில்தான் அவரைச் சந்தித்தேன். ஒடிசலான உடம்பு, காலர் நைந்த சட்டை. வேலையைத் தொடங்கும் முன் திரையைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். தூசி இல்லாத நாளிலும் துடைப்பார்.

கிளைகளில் இருக்கும் விஞ்ஞானிகள் அங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் படிக்கத் திட்டம் வகுக்கும் பொறுப்பு அவருக்கு. முதல் பாடத்துக்கே இரண்டு வருடம் உழைத்து, பிளாப்பிகளில் ஏற்றி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்.

மேட்டுப்பாளையம் கிளையிலிருந்து வேறு வேலையாக வந்திருந்த என்னிடம் ஒரு கட்டுத் தாளை நீட்டினார். ‘படித்தோம், மிகவும் பயனுள்ளது’ என்று ஒவ்வொரு கிளையும் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

“சந்தோசந்தானுங்களே?” என்றேன்.

“தப்பு என்மேலதானுங்க. பாடம் ஏத்துன பிளாப்பியெல்லாம் இந்த அலமாரிலயே கெடக்குது. பொட்டி மாறிப்போச்சு. உங்களுக்கு அனுப்புனது பூராம் வெறும் பிளாப்பிங்க.”

“சரியானத இன்னொருக்கா அனுப்பிப்போடலாமுங்க.”

“எதுக்குங்க? அதான் எல்லாரும் படிச்சுப்போட்டீங்களே.”

குரலில் கோபமே இல்லை. கைக்குட்டையால் திரையைத் துடைத்துவிட்டு, இரண்டாம் பாடத்தைத் தட்டத் தொடங்கினார்.

என் கையிலிருந்த கட்டின் முதல் தாளில், மூன்றாவது கையெழுத்து என்னுடையது.