ஒட்டன்சத்திரத்துக்கு விற்கப் போன வண்டி

திருச்சியிலிருந்து காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். திண்டுக்கல் நூறு கிலோமீட்டர். அங்கிருந்து ஒட்டன்சத்திரம் இன்னும் முப்பத்தைந்து. வழியில் டீ குடித்து, சாவகாசமாகப் போனாலும் மூன்று மணி நேரத்தில் முடிகிற பயணம். நாங்கள் போய்ச் சேரும்போது மத்தியானம் இரண்டாகியிருந்தது. அதிலும் கடைசி இருபது கிலோமீட்டரை எங்கள் வண்டி கயிற்றில்தான் கடந்தது.

போனதே அந்த வண்டியை விற்கத்தான். பதினோரு வருடப் பழைய சின்ன எஸ்.யூ.வி. என் கணவர் சேவியர் அதை மூன்றாவது ஆளாக வாங்கினார். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். ஒரு வருடமாக அந்த வண்டியில் போய் நேரத்துக்குப் பிரேயருக்கு நின்ற நாட்கள் குறைவு. விற்றுத் தொலையுங்கள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் போனில் விளம்பரம் கொடுத்தார். ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி விவசாயம் பார்க்கும் செல்லமுத்து என்பவர் கேட்டார். வண்டியை அவரிடம் காட்டி, பிடித்தால் அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம். காலாண்டு விடுமுறை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். தனியாக அனுப்பினால் வண்டியைக் கொடுக்க மனம் வராமல் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயம் எனக்கு.

வண்டிக்கு என்ன கோளாறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துமே தவிர வேகம் ஏறாது. மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அதனால் அவர் இடது கையால் கியர் கம்பியைப் பிடித்தபடியே ஓட்டப் பழகியிருந்தார். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன் சக்கரத்தில் டிக் டிக் என்று சத்தம் வரும். நிறுத்துகிற இடத்திலெல்லாம் கியர் ஆயில் சொட்டி வட்டமாகக் கறை விழும். இத்தனைக்கும் அவரிடம் ஒரே பதில் உண்டு: "சூடேறினா சரியாப் போயிரும்."

மணப்பாறையில் ஏழரைக்கு டீ. கடையிலிருந்து ரோட்டுக்கு வண்டியைத் திருப்பும்போது டிக் டிக் சத்தம் கேட்டு, டீ மாஸ்டரே கையில் கிளாஸோடு எட்டிப் பார்த்தார். வையம்பட்டி தாண்டும் வரை தொந்தரவில்லை. அய்யலூர்ப் பக்கம் இரண்டு புறமும் குன்றுகள் நெருங்கி வந்து ரோடு லேசாக மேலேறும். நடந்து போகிறவருக்குக்கூடத் தெரியாத ஏற்றம். எங்கள் வண்டிக்குத் தெரிந்தது. இன்ஜின் கத்தியது. வேகம் அறுபதிலிருந்து ஐம்பது, நாற்பது என்று இறங்கியது. செங்கல் ஏற்றிய லாரி எங்களைத் தாண்டியது. அதன் பின்னால் வந்த மில் பஸ்ஸும் தாண்டியது. உள்ளே இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ரப்பரும் துணியும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு நாற்றம்.

"லாரியோட நாத்தம்," என்றார் சேவியர்.

"லாரி போயிக் கால் மணி நேரமாச்சு."

"செத்த நேரம் சும்மா வாரியா மேரி? ஏத்தம் முடியட்டும்."

ஏற்றம் முடிந்தது. நாற்றம் முடியவில்லை. வடமதுரையில் நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றோம். திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும்போது மணி ஒன்பதரை.

நல்ல மெக்கானிக்கிடம் காட்டாமல் இனி ஒரு அடி நகரக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். விசாரித்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனோம். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. வொர்க்‌ஷாப் வாசலில் பாதி பிரித்த ஆட்டோ ஒன்று குறுக்கே கிடந்தது. மெக்கானிக் ரஹீம் பாய் வர பத்தரை ஆனது. வந்தவர் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கிளட்ச் தேஞ்சிருக்கும்மா, இல்லேங்கல. கியர் பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும். நாளைக்கு விட்டா நாளன்னைக்குத் தாரேன்."

"இன்னைக்கு ஒட்டன்சத்திரம் போகணும் பாய்," என்றார் இவர்.

"ஒட்டன்சத்திரந்தானே? போயிரும். கியர் ஆயில் மட்டும் ஊத்தி விடுறேன், நைஸாப் போங்க. இன்ஷா அல்லா, ஒண்ணும் ஆகாது."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி ஒரு பார்வை.

பழனி ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. இடது கைப் பக்கம் கொடைக்கானல் மலை நீலமாகத் தொடர்ந்து வந்தது. ரோட்டோரம் முருங்கைத் தோட்டங்கள், மக்காச்சோளம், நடுவில் தென்னை. பார்க்க அருமையான பாதை. நான் ஸ்பீடோமீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ரெட்டியார்சத்திரம் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். முன்னால் போன டிராக்டரை முந்த இவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் அலறியது. டிராக்டர் நகர்ந்துகொண்டே தூரமானது. எங்கள் வண்டி உருண்டு, உருண்டு, ஒரு புளியமரத்தடியில் நின்றது. முதல் கியர் போட்டாலும் இரண்டாவது போட்டாலும் அலறல் மட்டும்தான். சக்கரம் அசையவில்லை.

ஐந்து நிமிடத்தில் கூட்டம். இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் டீசல் இல்லை என்றார். பைக்கை நிறுத்தியவர், ஆக்சில் உருவிக்கொண்டது என்றார். இன்னொருவர் தள்ளிவிட்டால் ஓடும் என்று சட்டையை மடித்துவிட்டு முன்வந்தார். தள்ளினார்கள். தள்ளின தூரம் போய் வண்டி மறுபடி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் பலம் சக்கரத்துக்குப் போகவில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

சேவியர் போனை எடுத்தார்.

"யாருக்கு?"

"செல்லமுத்துக்கு."

"வாங்குற மனுசனையே வந்து இழுக்கச் சொல்லப் போறீங்களா?"

"இந்த ஊர்ல வேற யார் நம்பர் எங்கிட்ட இருக்கு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஒரு வருடமாக இந்த வண்டியை யார் தலையிலாவது கட்ட நினைத்திருக்கிறேன். விற்கிற அன்றைக்கே, வாங்குபவர் கண் முன்னால் இப்படி.

அரை மணி நேரத்தில் காய்கறி ஏற்றும் குட்டி லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, ஒல்லியான மனிதர் இறங்கினார். கையில் கிணற்றுக் கயிறு.

"வாங்க வாங்க. வெயில்ல நிக்க வெச்சுட்டேனுங்களா? சந்தையில கத்திரிக்காய எறக்கிப் போட்டுட்டு வர லேட்டாயிடுச்சுங்க."

தப்பு தன்னுடையது என்கிற மாதிரி பேசினார். குனிந்து பார்த்துக் கயிற்றைக் கட்டினார். சேவியர் பின்னால் எங்கள் வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் செல்லமுத்து பக்கத்தில் லோடு வண்டியில் உட்கார்ந்தேன். கால் வைக்கிற இடத்தில் இரண்டு தக்காளி உருண்டுகொண்டிருந்தன.

"கிளட்ச்தானுங்க?" என்றார்.

"ஆமா."

"அது மாத்திக்கலாமுங்க. எனக்கு வண்டி அவசரமா வேணும். சாருகிட்ட போன்லயே சொல்லியிருந்தேனே. வீட்டுக்காரிக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. செவ்வாயும் வெள்ளியும் திண்டுக்கல் போயி ரத்தம் சுத்தி பண்ணணும். காலையில நான் சந்தைக்குப் போயே ஆகணும், அவ தனியா பஸ்ல போறா. இந்த லோடு வண்டியில கூட்டிட்டுப் போனா குலுங்கிக் குலுங்கி வாந்தி எடுத்துடறா. பின்னாடி கால நீட்டிப் படுத்துக்கற மாதிரி ஒரு வண்டி இருந்தாப் போதுமுங்க."

நான் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கயிற்றின் மறுமுனையில் சேவியர் ரொம்பக் கவனமாக ஓட்டிக்கொண்டு வந்தார். போன்லயே சொல்லியிருந்தேனே. செல்லமுத்து சொன்னதை சேவியர் என்னிடம் சொல்லவில்லை. மீதி வழி முழுக்க அவரிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

செல்லமுத்துவின் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்துக்குள் இருந்தது. அவர் மனைவி சரஸ்வதி வாசலுக்கே வந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவளாக இருப்பாள். முகம் லேசாக வீங்கி, இடது முழங்கைக்குக் கீழே, ரத்தம் சுத்தி பண்ண ஊசி குத்துகிற நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. எங்களுக்குச் சோறும் கொள்ளுப் பருப்பும் கத்திரிக்காய்ப் பொரியலும் வைத்தாள். செம்பு செம்பாக மோர் ஊற்றினாள். அவள் மட்டும் ஒரு சின்ன டம்ளரில் பாதி தண்ணீரை வைத்துக்கொண்டு, நாக்கை நனைப்பது போல் குடித்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் செல்லமுத்து பேச்சை எடுத்தார். "கிளட்ச் செலவக் கழிச்சுக்கிட்டு ஒரு வெலை சொல்லுங்க சார். இன்னைக்கே முடிச்சுக்கலாம்."

சேவியர் முகம் மலர்ந்தது. "கிளட்ச் ஒண்ணுதாங்க. அம்புட்டுதான். மத்தபடி வண்டி..."

"அது ஒண்ணு மட்டுமில்ல," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது கியர் கழல்வதை, சக்கரத்துச் சத்தத்தை, ஆயில் கசிவதை. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கிளம்புவதை. "நடுரோட்டுல நின்னா எங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகும், அவ்வளவுதான். உங்க வீட்டம்மா உள்ள படுத்திருக்கும்போது நின்னா என்ன பண்ணுவீங்க? இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்ங்க."

சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரஸ்வதிதான் முதலில் சிரித்தாள்.

"அக்கா, கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தப்பவே எனக்கு மனசு விட்டுப் போச்சுங்க. இவரு ஆசப்பட்டுட்டாரேன்னு வாயத் தெறக்கல."

வெளியே தென்னைமரத்தடியில் எங்கள் சண்டை நடந்தது. "வாங்குறதுக்குத் தயாரா இருந்தவர நீயே வேண்டாம்னுட்ட. இனி இதை யாரு வாங்குவா?" என்றார் அவர். "ஆஸ்பத்திரிக்குன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா நீ வரவே விட்டிருக்க மாட்ட," என்றார். அது உண்மைதான். அதற்குமேல் எனக்குக் கத்தத் தெம்பில்லை.

மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றார்கள். அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் செவ்வாய். சேவியர் வண்டியோடு இருந்துகொண்டார். நான் திருச்சி பஸ் பிடிக்க சரஸ்வதியோடு ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினேன். ஒட்டன்சத்திரத்தில் மாறினோம். முருங்கைக்காய்க் கட்டுகளும் பால் கேனும் ஏறின. உட்கார இடம் கிடைத்தது. "போறப்ப சொகந்தானுங்க அக்கா, வாரப்பத்தான்," என்றாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரே திருச்சி பஸ் நின்றது. ஏறியிருக்கலாம். அவள் பையைத் தூக்கிக்கொண்டு, வலது கையால் இடது கையைத் தாங்கியபடி ஆஸ்பத்திரிப் பக்கம் நடப்பதைப் பார்த்தேன். நானும் கூடப் போனேன்.

நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்து வெளியே வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். உதடு வெளுத்து, கால் பின்னியது. பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ரெட்டியார்சத்திரம் வரை கம்பியில் சாய்ந்தபடி, என் தோளில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தாள். அதற்குப் பிறகு ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். வாந்திக்கு நான் பையைப் பிடித்தேன். "வாரா வாரம் ரெண்டு தடவயா?" என்று கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் இதை சேவியரிடம் அப்படியே சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கேட்டார். அன்று மெக்கானிக் இறக்கிய கியர் பாக்ஸ் சாக்கின் மேல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கிளட்ச் பிளேட் தகடாகத் தேய்ந்திருந்தது. சாமான் மதுரையிலிருந்து வரவேண்டுமாம்.

நான் புதன்கிழமை திருச்சி திரும்பினேன். அவர் வரவில்லை. அந்த வாரம் முழுக்க செல்லமுத்துவோடு லோடு வண்டியில் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் போய், அவர்களுக்கு ஏற்ற வண்டி தேடி, பழைய வண்டி விற்கிற இடங்களை அலசியிருக்கிறார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டுக் கிளட்சை விட்டுப் பார்ப்பாராம். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம். தரையில் படுத்து ஆக்சில் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். நாலு வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு வியாபாரி, "நீங்க மெக்கானிக்கா சார்?" என்று கேட்டாராம். அதை எனக்குப் போனில் மூன்று தடவை சொன்னார். எங்கள் வண்டி எப்போது ஓடும் என்று நான் கேட்டால் மட்டும் அடுத்த கார் கதைக்குத் தாவிவிடுவார். அந்த வண்டி இன்றுவரை எங்களிடம்தான் இருக்கிறது. கிளட்ச் புதுசு. இப்போது ரிவர்ஸ் கியர் விழ மறுக்கிறது.

அடுத்த செவ்வாய் மத்தியானம் போன் வந்தது. பின்னணியில் ரோட்டுச் சத்தம். அவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"வெள்ளைக் கலர் கார். தாழ்வான வண்டி, நமக்குப் பிடிக்காது. ஆனா கியர் வெண்ணெயா விழுது. செல்லமுத்து ஓட்டுறாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து கெளம்பி ரெட்டியார்சத்திரம் வந்துட்டோம்."

"என்னங்க, ஒண்ணும் சரியாக் கேக்கல. சத்தமாப் பேசுங்க."

"சத்தம் போடாத மேரி," என்றார் இன்னும் மெதுவாக. "பின்னாடி அந்தப் பிள்ள தூங்குது."